கமா வேண்டாம், டீச்சர்

மோளிக்குட்டிக்கு இங்கிலீஷ் வராது என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் வார்டிலிருந்த ஆயாகூட சண்டைக்கு வந்திருப்பாள். டாக்டர் கோழி கிண்டினாற்போல் எழுதிவிட்டுப் போகும் மருந்துச் சீட்டை ஒரே பார்வையில் படித்துவிடுவாள். வெளிநாட்டிலிருந்து வந்து வயிற்றுக் கடுப்பில் படுத்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து, சிரிக்கவைத்துக் கஞ்சி குடிக்கவைத்தவள் அவள். ஆனால் வெளிநாடு போகிற நர்சுகளுக்கு வைக்கிற மொழித் தேர்வில், கடிதம் எழுதும் பகுதியில் மட்டும் மண்ணைக் கவ்வினாள். ஒருமுறை கவ்வினால் விதி என்று விடலாம். மறுமுறையும் கவ்வினாள்.

காரணம் அவளுக்கே தெரியும். இருபது வருஷமாக வார்டில் எழுதிப் பழகிய கை. நோயாளி ஆண். நோயாளிக்குக் காய்ச்சல். நோயாளிக்கு மனைவி உண்டு. மனைவிக்குச் சர்க்கரை. இந்த ரீதியில் சரளைக்கல் கொட்டினதுபோல் ஒவ்வொன்றாக விழும். தேர்வுக்காரர்கள் கேட்பது கோத்து எழுதிய கடிதம். சர்க்கரை நோய் உள்ள மனைவியோடு வசிக்கும் இந்த நோயாளி என்று ஒரே மூச்சில் போகவேண்டும்.

அயர்லாந்திலிருந்து தங்கை ராணி ஞாயிறுதோறும், சர்ச்சில் குர்பானைப் பூசை முடிந்து வீடு திரும்புகிற நேரம் பார்த்துக் கூப்பிடுவாள். "சேச்சி, இங்க எங்க பக்கத்துல ஒரு முதியோர் இல்லத்துல ஆளெடுக்கறாங்க. நீ அந்த ஒரு பேப்பரை மட்டும் எழுதித் தொலைச்சுட்டா, மத்ததை நான் பாத்துக்கறேன்."

"தொலைச்சுக்கிட்டுத்தானேடி இருக்கேன், ரெண்டு தடவையா" என்பாள் மோளிக்குட்டி.

கடைசியில் அவள் கணவன் ஜோயிதான் ஏற்றுமானூரில் பேக்கரி மாடியில் நடக்கிற கோச்சிங் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஜோயி ஜீப் ஓட்டுகிறவன். மோளிக்குட்டியின் அப்பா தேவஸ்யாவுக்கு ஆண் பிள்ளை இல்லாததால், கல்யாணத்தன்றே அவர் வீட்டோடு வந்து தங்கிவிட்டவன். கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் மிளகு, ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகள் அஞ்சு, வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை எல்லாம் எடை போடுகிற மாமனார். இதுதான் அவன் உலகம். சலித்துக்கொண்டதில்லை.

வகுப்பில் மோளிக்குட்டிதான் மூத்தவள். மற்றதெல்லாம் படிப்பு முடித்த சூட்டோடு வந்த பெண்கள், நாலைந்து பையன்கள். எல்லாருக்கும் அவள் சேச்சி. பாடம் எடுத்த நிமிஷா டீச்சருக்கும் அவள் சேச்சிதான்; டீச்சருக்கு இருபத்தேழு வயதுகூட நிறைந்திருக்காது. ஆனால் நாக்கு பழுத்த நாக்கு.

"சேச்சி, உங்க நோயாளிக்கு என்ன கோபம்? ஏன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தனித்தனியா எழுந்து நிக்கறாரு?" என்று முதல் கடிதத்தைத் தூக்கிக் காட்டினாள். வகுப்பே சிரித்தது. மோளிக்குட்டியும் சிரித்துவைத்தாள்.

பிறகு டீச்சர் பலகையில் கோடு போட்டு விளக்கினாள். "நம்ம பாஷையில அடைமொழி எல்லாம் முன்னால வரும், ஆளு கடைசில வருவான். நேத்து ராத்திரி ஃபிட்ஸ் வந்து அட்மிட் ஆன, கல்லறை பக்கத்து வீட்டு, மீன்காரர். நம்ம சர்ச் பெருநாள் ஊர்வலம், பிரதட்சணம் மாதிரி. சிலுவை போகும், முத்துக்குடை போகும், பேண்டு போகும், கடைசியா புனிதர் சிலை, நம்ம புண்ணியாளர் வருவார். இங்கிலீஷ்காரன் என்ன பண்ணுவான்? புண்ணியாளரை முதல்ல நிறுத்திருவான். மீன்காரர். நிறுத்திட்டு, பின்னாலயே ஒரு ஹூ போட்டு, அப்புறம் குடை, பேண்டு எல்லாம் வரும். ஆளுன்னா ஹூ. பொருள்னா விச். பின்னால வர்ற இந்த வாலுக்குத்தான் அட்ஜெக்டிவ் கிளாஸ்னு பேரு. பேரைக் கேட்டு பயப்படாதீங்க."

அதுவரை எத்தனையோ புத்தகத்தில் படித்தும் ஏறாதது அன்று ஏறியது. தன் தலைக்குள் பிரதட்சணம் எப்போதும் குடையிலிருந்தே புறப்படுகிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்ததும் புண்ணியாளரைத் தேடிக்கொண்டு தவிக்கிறோம் என்று அவளுக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு அவள் கண்ணில் பட்டதற்கெல்லாம் வால் முளைத்தது. அடுப்படியில் நின்று, பூனை தின்ற மீனை இங்கிலீஷில் சொல்வாள். கொடியில் துணி போட்டபடி, மழையில் நனைந்த சட்டையைச் சொல்வாள். ஜீப்பிலிருந்து இறங்கின ஜோயி வாசலிலேயே நின்று கேட்டான்.

"இது என்னடி ஜெபம்?"

"அட்ஜெக்டிவ் கிளாஸ், அச்சாயா."

"நாங்க சாயங்காலம் ஷாப்புல பிடிக்கறதும் கிளாஸ்தான். நாலு பிடிச்சா எங்களுக்கும் இங்கிலீஷ் தானா வரும்."

"ஹஸ்பண்ட் ஹூ டிரிங்ஸ்" என்றாள் அவள் பட்டென்று. கள்ளுக்கடைக்குப் போகிற புருஷனுக்கு அந்த வால் கச்சிதமாகப் பொருந்தியது. அஞ்சு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தேவஸ்யா நாற்காலியிலிருந்து, "என்ன சிரிப்பு அங்க?" என்று அதட்டினார். காது மந்தம்; சிரிப்பு மட்டும் கேட்கும்.

கமா வந்தபோதுதான் பாடம் கடினமாகியது.

நிமிஷா டீச்சர் ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை எழுதினாள். ரத்தத்தை இளக்குகிற மாத்திரைகளை நிறுத்தச் சொல்லும் வாக்கியம். ஒன்றில் மாத்திரைக்கும் அதன் வாலுக்கும் நடுவில் கமா இருந்தது. மற்றதில் இல்லை.

"கமா இல்லைன்னா, நோயாளி சாப்பிடற பல மாத்திரைகள்ல எது ரத்தத்தை இளக்குதோ அதை மட்டும் நிறுத்துன்னு அர்த்தம். அந்த வால்தான் எந்த மாத்திரைன்னு பொறுக்கி எடுக்குது. கமா போட்டீங்கன்னா, எல்லாத்தையும் நிறுத்து, அதெல்லாமே ரத்தத்தை இளக்கறதுதான்னு ஆகிடும். ஃபிட்ஸ் மாத்திரையும் சேர்ந்து நிக்கும். அப்புறம் நோயாளியும் நின்னுருவார்."

நர்சுகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பலர் இருக்கிறபோது ஒருவரைப் பொறுக்கிக் காட்டவேண்டுமானால் கமா கூடாது. ஒருவர்தான் என்றால் கமா வேண்டும். எல்லாரும் தலையாட்டினார்கள்.

"சரி, குடும்பத்தைப் பத்தி ஒரு பத்தி எழுதுங்க. வாலோட."

பேக்கரியில் வாழைப்பழம் பொரிக்கிற பழம்பொரி வாசனை கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. மோளிக்குட்டி எழுதினாள். ஜீப் ஓட்டுகிற கணவன்; ஒருவன்தான், கமா. ஒன்பதாவது படிக்கிற மகள், ஒருத்திதான், கமா. அப்புறம், மை சிஸ்டர் ஹூ லிவ்ஸ் இன் அயர்லாந்து என்று எழுதி, அவள் நர்ஸ் என்று முடித்தாள். அடுத்த வரிக்குப் போனாள்.

டீச்சர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து அந்த வரியில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள்.

"சேச்சி, மத்தது எல்லாம் தங்கம். இங்க மட்டும் கமா எங்க? ஓயாம ராணி ராணின்னு சொல்லுவீங்களே, அந்த ஒரு தங்கச்சிதானே?"

பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "சேச்சிக்குக் கமாவோட இன்னும் சமாதானம் ஆகல டீச்சர்."

மோளிக்குட்டி நோட்டையே பார்த்தாள். இத்தனை காலமும் அவள் பொய் சொன்னதில்லை. எத்தனை பேர் கூடப் பிறந்தவர்கள் என்று கேட்டால், எனக்கு ஒரே தங்கச்சி என்பாள். மெய்தான், தங்கை ஒருத்திதான். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. அக்காவுக்கும் தங்கைக்கும் வேறு வேறு சொல் இருக்கிற பாஷையில் ஒருத்தியை மறைத்துவைக்க இடம் இருந்தது. இந்த இங்கிலீஷில் அது இல்லை. சிஸ்டர் என்ற சொல்லுக்குள் மூத்தவளும் இளையவளும் ஒரே பாயில் படுத்திருந்தார்கள். அதை எழுதிய கை, கமாவை வேண்டுமென்று விட்டதா, தானாக விட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"கமா வேண்டாம், டீச்சர்" என்றாள். "எனக்கு ரெண்டு பேர்."

குரல் அவளுடையதுபோல் இல்லை. சிரிக்க வாயெடுத்த பெண் மூடிக்கொண்டாள். நிமிஷா டீச்சர் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். சிவப்பு வட்டத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் சரி என்று குறி போட்டாள்.

"அப்ப இது சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனாள்.

அந்த இரண்டாவது ஆள் வல்சம்மா. மூவரில் மூத்தவள். பள்ளிக்கூடம் போகிற வழியில் ஓடைமேல் போட்டிருந்த மூங்கில் பாலத்தில் மோளிக்குட்டி காலெடுத்து வைக்கமாட்டாள். வல்சம்மா பின்னால் நின்று, அவள் கவுனின் முதுகுப்பக்கத்து நாடாவைப் பிடித்துக்கொண்டு, "நான் பிடிச்சிருக்கேன், நீ விழுந்தா கவுனு மட்டுந்தான் எங்கிட்ட இருக்கும், நட" என்பாள். அப்படித்தான் ஏழாம் வகுப்புவரை நடந்தாள்.

மின்சார வாரியத்தில் கம்பம் ஏறுகிற சசிதரனை வல்சம்மா பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது மோளிக்குட்டி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். சசிதரன் ஈழவச் சாதிக்காரன், இந்து. தேவஸ்யா அன்று சாயங்காலமே சர்ச் வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்னார், "எனக்கு ரெண்டு பொண்ணு" என்று. அதோடு அந்தப் பெயர் வீட்டில் எழவில்லை. அம்மா மட்டும் இருட்டறைப் பக்கம் போய் அழுதாள். அவளும் சில வருஷத்தில் போய்விட்டாள். அடக்கத்தன்று வல்சம்மா கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே, குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மோளிக்குட்டி பார்த்தாள். பார்த்துவிட்டு, பாதிரியார் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளுக்கும் கோபம் இருந்தது. வந்த வரன்களெல்லாம் அக்கா போன கதை கேட்டு வாசலோடு திரும்பின. ஓடிப்போனவளின் தங்கை என்ற பட்டம் ஒட்டிக்கொண்டு, வயது ஏறி, கடைசியில் ஜோயி வந்து சேர்ந்தான். அந்தக் கோபம் எப்போது தீர்ந்தது என்று அவளுக்கு நினைவில்லை. தீர்ந்த பிறகும் பழக்கம் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் ஜோயியிடம் அக்காவைப் பற்றிச் சொன்னாள்.

"எனக்கு ஒரு சகலை இருக்கான்னு பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே புரோக்கர் காதுல ஓதிட்டான்" என்றான் அவன். "நீயா சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லல. நானும் கேக்கல. ஜீப்பை எடுக்கட்டுமா?"

"வேண்டாம். நானே பஸ்ல போறேன்."

"அப்பச்சன் கேட்டா?"

"கேட்டா சொல்றேன்."

வாராந்திர ஓய்வு நாளில், அக்கா இருக்கிற மாவேலிக்கரைக்குப் பஸ் ஏறினாள். ஊர் எது, தெரு எது என்பதெல்லாம் பல காலமாகவே தெரியும். அந்தப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னதை மனசு பத்திரமாக வைத்திருந்தது. கோயில் குளத்துக்கு எதிரே வீட்டோடு ஒட்டின பலசரக்குக் கடை. உள்ளே, கண்ணாடி போட்ட ஒரு பெண் பயறு அளந்துகொண்டிருந்தாள். நரை ஏறியிருந்தது. அளக்கிறபோது உதட்டைக் கடிக்கிற பழக்கம் அப்படியே இருந்தது.

மோளிக்குட்டி நின்றாள். வல்சம்மா நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த கண் ஒரு கணம் அசையவில்லை. பிறகு மறுபடி பயற்றுக்குக் குனிந்தது.

"என்ன வேணும்?"

"சேச்சி..."

"சேச்சியெல்லாம் இங்க விக்கறதில்ல. சர்க்கரையா, சோப்பா?"

பக்கத்தில் நின்ற கிழவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வல்சம்மா பயற்றைப் பொட்டலம் கட்டி அவரிடம் கொடுத்தாள். அவர் போகாமல் நின்றார். "என்ன, கதாப்பிரசங்கமா நடக்குது? கிளம்புங்க சேட்டா" என்று அவரை விரட்டினாள்.

"சோப்பு" என்றாள் மோளிக்குட்டி.

"எந்த சோப்பு?"

"ஏதாவது."

"ஏதாவது சோப்பு வாங்கறதுக்கு அங்கேருந்து பஸ் ஏறி வந்தியா?" வல்சம்மா சோப்பை எடுத்து மேசைமேல் ஓசைப்பட வைத்தாள். "அம்மை போனப்ப நான் கேட்டுக்கு வெளியில நின்னேன். நீ பாத்தே."

"பாத்தேன்."

"அப்பச்சன் திரும்பிக்கிட்டாரு, அது அவரு குணம். ராணி சின்னப் பொண்ணு. நீ எதுக்குடி திரும்பினே?"

வரும் வழியெல்லாம் யோசித்துவைத்த சொற்கள் பஸ்ஸிலேயே தங்கிவிட்டன. "பயம்" என்றாள் மோளிக்குட்டி. "அப்புறம் கோபம். அப்புறம் வெக்கம். இப்ப அதுவும் இல்ல. அதான் வந்தேன்."

வல்சம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு சிறுமி வந்து தீப்பெட்டி கேட்டது. "மோளே, எடுத்துட்டுப் போ, காசு அப்புறம் குடு" என்று அந்தக் குழந்தையை அனுப்பிவிட்டு, கடையின் பலகைத் தட்டைத் தூக்கி வழி விட்டாள்.

"உள்ள வா. வெயில்ல நின்னா தலை வலிக்கும் உனக்கு."

மத்தியானம் சசிதரன் வந்தான். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிற உடம்பு. வாசலில் செருப்பைப் பார்த்ததும், "யாரு, கரண்டு இல்லைன்னு சொல்ல வந்தாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். ஆளைத் தெரிந்துகொண்டதும் மடித்துக் கட்டின வேட்டியை இறக்கிவிட்டான். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "வல்சே, கப்பைக்கிழங்கு வேகவெச்சியா? மீன் இருக்கா? இல்லேன்னா நான் போய் வாங்கிட்டு வரேன்" என்று கூப்பாடு போட்டான். பிள்ளைகள் இல்லாத வீடு. சாப்பிட்டு முடிகிறவரைக்கும் வல்சம்மா தங்கையின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை கழுவும்போதுதான் கேட்டாள்.

"அப்பச்சன் சரியா சாப்பிடறாரா?"

"மீன் இருந்தா சாப்பிடுவார்."

"அப்படியேதான் இருக்காரு" என்றாள் வல்சம்மா.

திரும்பி வந்த அன்றே மோளிக்குட்டி அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காதருகே, அஞ்சுவுக்கும் ஜோயிக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

"வல்ச சேச்சியைப் பாத்துட்டு வரேன்."

தேவஸ்யாவுக்குக் கேட்டது. காது மந்தக்காரர் முகத்தில் வருகிற 'என்ன' இல்லை. தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு ரெண்டு பொண்ணு" என்றார்.

"எனக்கும் ரெண்டு பேருதான் அப்பச்சா. சேச்சி ஒண்ணு, அனியத்தி ஒண்ணு. உங்க கணக்கை நீங்க வெச்சுக்குங்க. என்னுதை நான் மாத்தமாட்டேன்."

அவர் கைத்தடியை எடுத்துத் தரையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். வீடு ஒரு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் மோளிக்குட்டி மாதம் ஒருமுறை மாவேலிக்கரைக்குப் போவதை அவர் தடுக்கவில்லை. போகிற நாள்களில் காலையிலேயே எழுந்து, தெருவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

ராணிக்கு விஷயம் சொன்னபோது போனில் அழுகை மட்டும் கேட்டது. பிறகு, "எனக்கு நம்பர் குடு" என்றாள்.

மொழித் தேர்வில் அவள் அடுத்த முறையே தேறினாள் என்று சொல்ல ஆசைதான். தேறவில்லை. கடிதத்தில் கரையேறினாள், கேட்டு எழுதும் பகுதியில், ஸ்காட்லாந்துக்காரன் ஒருவனுடைய பேச்சு பிடிபடாமல் போயிற்று. நிமிஷா டீச்சர், "சேச்சி, அவன் பேசறது அவன் பெண்டாட்டிக்கே புரியாது" என்று தேற்றி மறுபடி உட்காரவைத்தாள். அதற்கடுத்த தடவை எல்லாமே தேறியது. பேக்கரியில் எல்லாருக்கும் பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தாள்.

விசா வந்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. அவள் போய் நிலைத்தபின் ஜோயியும் அஞ்சுவும் போவார்கள். தேவஸ்யாவை யார் பார்ப்பது? ஜோயி மண்டையைச் சொறிந்தான். ஆள் வைக்கலாம் என்றான். வல்சம்மாவிடம் மோளிக்குட்டி கேட்கவில்லை. வல்சம்மாவே சொன்னாள்.

"வெளியாளு வெச்சா அவரு தடியால அடிச்சு விரட்டிருவாரு. என்னை விரட்டிப் பழக்கம்தானே. நான் வந்து பாக்கறேன். இருக்கச் சொன்னா இருக்கேன், போகச் சொன்னா பஸ் இருக்கு."

மோளிக்குட்டி புறப்படுகிற அன்று காலையில் வல்சம்மாவும் சசிதரனும் வந்து இறங்கினார்கள். சசிதரன் தயங்கி முற்றத்திலேயே நின்று, மின்கம்பியில் சாய்ந்திருந்த தென்னை மட்டையைக் கவனமாகப் பார்த்தான். வல்சம்மா நேரே வராந்தாவில் ஏறி, "அப்பச்சா" என்றாள். தேவஸ்யா கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையை உருட்டினார். வேகமாக உருட்டினார். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஜோயி வாங்கிவைத்திருந்த மீனை எடுத்தாள். பரண்மேல் கைவிட்டுக் குடம்புளிப் பானையை எடுத்தாள். எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை.

மத்தியானம் எல்லாரும் மேசையில் உட்கார்ந்தார்கள். சசிதரனை ஜோயி கையைப் பிடித்து இழுத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்தான். தேவஸ்யா தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். யாரையும் பார்க்கவில்லை. வல்சம்மா அவர் தட்டில் சோறும் மீன்குழம்பும் வைத்தாள். அவர் பிசைந்தார். ஒரு வாய் போட்டார். மேசையில் ஒருவர் கையும் அசையவில்லை.

"புளி கூடிப்போச்சு" என்றார் தேவஸ்யா.

வல்சம்மா கரண்டியோடு நின்றாள். "உங்க பரண்ல இருந்த புளிதான். பழசு. அப்படித்தான் இருக்கும்."

"ஊறவெச்சுக் கழுவிப் போடணும்."

"கழுவித்தான் போட்டேன்."

"ஒருக்கா கழுவினா போதாது. உங்கம்மை ரெண்டு தண்ணி கழுவுவா."

"அம்மை பக்கத்துல நின்னு கத்துக்க நீங்க எங்க விட்டீங்க?"

சசிதரன் தலையைத் தட்டுக்குள் புதைத்துக்கொண்டான். தேவஸ்யா இன்னொரு கவளம் உருட்டினார். "நீ இங்க இருந்தப்பவும் அடுப்படிப் பக்கம் வந்ததில்ல. அதைச் சொல்லு" என்றார். வல்சம்மா விடவில்லை, தீயைப் பற்றி ஏதோ சொன்னாள். அவர் சட்டியைப் பற்றி ஏதோ சொன்னார்.

மோளிக்குட்டி மோர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்கு வந்து கதவுக்குப் பின்னால் நின்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஜோயி ஜீப் சாவியோடு பின்னாலேயே வந்தான்.

"எடீ, நெடும்பாசேரி ஏர்போர்ட்டுக்கு ரோடெல்லாம் வண்டி. இப்பவே கிளம்பினாத்தான் ஆகும்."

"இருங்க அச்சாயா" என்றாள் அவள். "அவங்க சண்டை முடியட்டும்."